கை மரத்துப் போகாமல் பைக் ஓட்ட: ஹேண்டில்பாரை உயர்த்தும் வழி

ஒரு மணி நேரம் ஓட்டியதும் உள்ளங்கை மரத்துப் போகிறது, இரண்டு தோளுக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, வண்டியை ஓரம் கட்டி இறங்கி கையை நாலு உதறு உதறினால்தான் விரல்களில் உணர்வு திரும்புகிறது. உங்களுக்கும் இப்படி என்றால் ஹேண்டில்பார் உங்கள் உடம்புக்குத் தாழ்வாகவோ எட்டமாகவோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதை உயர்த்துவது பெரிய வேலை இல்லை. ஒரு மதியத்தில் முடியும். ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுகிறார்கள், நானும் அங்கேதான் தவறினேன், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்.

முதலில், வலி ஹேண்டில்பாரால்தான் வருகிறதா?

ஒரு சின்ன சோதனை. வண்டியை யாராவது நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்காருங்கள், கால் இரண்டும் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். இப்போது இரண்டு கைகளையும் கிரிப்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தூக்குங்கள். உடம்பு அப்படியே நின்றால் உங்கள் எடையை முதுகும் வயிறும் தொடையும் தாங்குகின்றன என்று அர்த்தம். முன்னால் கவிழப் பார்த்தால், இத்தனை நாளும் அந்த எடை மணிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

எடை கைக்கு வருவதற்கு ஹேண்டில்பார் மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நீங்கள் டேங்கை நோக்கி வழுக்குவீர்கள், அதைக் கைதான் தடுத்து நிறுத்தும். அப்படிப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரை எவ்வளவு உயர்த்தினாலும் பாதி வலிதான் போகும். தொடையால் டேங்கைப் பிடிக்காமல் கையால் தொங்குபவர்கள், பயத்தில் கிரிப்பை இறுக்கிப் பிடிப்பவர்கள், இவர்களுக்கும் கை மரக்கும். அதிர்வாலும் மரக்கும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மரக்கிறது என்றால் அதிர்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்த விரல் மரக்கிறது என்றும் கவனியுங்கள்: சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அழுத்தம் விழுகிறது, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நசுங்குகிறது, அது பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கியிருப்பதால் வருவது. வண்டியை விட்டு இறங்கி மறுநாள் வரைக்கும் மரப்பு போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியது

பொருள் எதுவும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

ஹேண்டில்பார் குழாய் வடிவில் ஒரே துண்டாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி பாரைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சுழற்றலாம். சில டிகிரி போதும். கிரிப்பின் முனை உங்கள் பக்கம் வந்து சற்று இறங்கும் அல்லது ஏறும், அது பார் வளைந்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. எல்லை தாண்டிச் சுழற்றினால் கிரிப் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும், அப்போது மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கி வேறொரு வலி தொடங்கும்.

அடுத்தது லீவர்கள். க்ளட்ச் லீவரும் பிரேக் லீவரும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பெரும்பாலானவர்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்து பார்த்ததே இல்லை. உட்கார்ந்து, முன்கையை நேராக வைத்து, விரல்களை நீட்டினால் விரல்கள் லீவரின் மேல் நேராகப் போய்ப் படிய வேண்டும். லீவரைப் பிடிக்க மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க வேண்டியிருந்தால் லீவர் மேலே தூக்கி நிற்கிறது. லீவர் பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, சற்றுக் கீழே சுழற்றி, மறுபடி முறுக்குங்கள். ஒன்று கவனம்: பிரேக் ஆயில் டப்பா லீவரோடு சேர்ந்தே இருக்கும் வண்டிகளில் லீவரைத் திருப்பினால் டப்பாவும் சாயும். அதில் ஆயில் மட்டம் கிட்டத்தட்ட கிடைமட்டமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் சாய்ந்தால் உள்ளே காற்று புக வழி உண்டு.

இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். வலி போய்விட்டால் நல்லது, இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

எத்தனை மில்லிமீட்டர்?

போகவில்லை என்றால் அளக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அளக்கும் முறை ஒன்று இருக்கிறது, நான் நம்புவது அதைத்தான். நீங்கள் உண்மையில் ஓட்டும்போது போடும் ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். சட்டையோடு உட்கார்ந்து அளந்தால் ஜாக்கெட் போட்டதும் கணக்கு மாறிவிடும். கால்கள் ஃபுட்ரெஸ்டில். கண்களை மூடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், முழங்கை லேசாக மடங்கிய நிலையில் இரண்டு கைகளும் தானாக எங்கே போய் நிற்கின்றனவோ அங்கே விடுங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்கள் விரல் முட்டிகளுக்கும் கிரிப்புக்கும் மேலே எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று டேப்பை வைத்துப் பார்க்கட்டும். இறங்கி, கொஞ்சம் நடந்து, மறுபடி உட்கார்ந்து, இன்னும் இரண்டு தடவை. மூன்று அளவும் ஓரளவு ஒத்துப்போனால் உங்கள் உடம்பு உண்மையைச் சொல்கிறது.

பின்னால் வர வேண்டிய தூரம்தான் பலருக்கு அதிகமாக இருக்கும், மேலே ஏற வேண்டியது குறைவாக இருக்கும். இதை அளக்காமல் உயரமான ரைசரை, அதாவது பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் கட்டையை, வாங்கிப் போட்டால் கை மேலே போகும், தூரம் தேவையான அளவு குறையாது, தோள் இன்னும் முன்னால் இழுக்கப்படும்.

இங்கே வண்டியின் சாய்வு நமக்குக் கொஞ்சம் உதவுகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரும்பாலான சாலை வண்டிகளில் சுமார் 25 டிகிரி. ரைசர் அந்தச் சாய்விலேயே நிற்பதால் பார் ஏறும்போதே உங்கள் பக்கமும் வரும். கணக்குப் போட்டால், 25 டிகிரி சாய்வில் 30 மி.மீ. ரைசர் பாரை 27 மி.மீ. அளவுக்கு மேலேயும் ஏறக்குறைய 13 மி.மீ. பின்னாலும் கொண்டுவரும். இதுவே நிறையப் பேருக்குப் போதும். இதைவிடப் பின்னால் வேண்டுமென்றால், பின்பக்கம் வளைத்துச் செய்த ரைசர்கள் தனியாகக் கிடைக்கின்றன.

இப்போது என் கதை. என் அளவு 30 மி.மீ.யை ஒட்டித்தான் வந்தது. ஆனால் வாங்கும்போது, கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று 50 மி.மீ. ரைசரை எடுத்தேன். போட்டுவிட்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலி இடத்தில் மெதுவாக யூ டர்ன் எடுத்தபோது, ஹேண்டில் முழுசாக இடப்பக்கம் போனதும் இன்ஜின் தானாக உறுமியது. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு விட்டது. கையில் க்ளட்ச் பிடித்திருந்ததால் வண்டி பாயவில்லை, இல்லாவிட்டால் எதிரே இருந்த சுவரில்தான் போய் நின்றிருப்பேன். நான் திருப்பிப் பார்த்தபோது இன்ஜின் அணைந்திருந்தது, அதனால் எதுவும் தெரியவில்லை. பிறகு 25 மி.மீ.க்கு இறங்கினேன். அதே கேபிள், அதே பிரேக் ஹோஸ், எதுவும் இழுக்கவில்லை, தோள் வலியும் வரவில்லை. 50-ல் கிடைத்த அதே நிம்மதி 25-லும் கிடைத்தது. வலி போகும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அதிகம் உயர்த்தினால் வேறு பிரச்சினைகளும் வரும். உடம்பு நேராக நிமிர்ந்துவிட்டால் பள்ளத்தில் விழும் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். லேசாக முன்னால் சாய்ந்திருக்கும் உடம்பு அந்த அடியைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். காற்றும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது, நிமிர்ந்த நெஞ்சு அதை முழுசாக வாங்கும், அப்போது நீங்கள் கீழே விழாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவீர்கள். ஆக, தாழ்ந்த பாரில் கையை ஊன்றியதால் வந்த வலி, உயர்ந்த பாரில் கையால் இழுப்பதால் திரும்ப வரும். முன் சக்கரத்தின் மேல் விழும் எடை குறைவதால் முன்பக்கம் லேசாக உணர்வதும் உண்டு.

எதைப் போடுவது

குழாய் வடிவ பார் உள்ள வண்டிக்கு இரண்டு வழி. ஒன்று ரைசர், இன்னொன்று உயரமான வேறு பார்.

ரைசர் என்பது உலோகக் கட்டை, அவ்வளவுதான். இதில் இரண்டு விதம் உண்டு. கிளாம்பின் கீழ்ப்பாதிக்கு அடியில் போகும் ஸ்பேசருக்கு, ஃபோர்க்கின் மேல் தட்டுக்கு அடியிலிருந்து வரும் போல்ட் நீளமாக மாற வேண்டும். கிளாம்பின் கீழ்ப்பாதிக்கு மேலே உட்காரும் கட்டை பழைய இடத்தில் போல்ட்டால் முறுக்கப்பட்டு, அதன் தலையில் பார் உட்காரும், அதற்கு மேல் பழைய மூடி வரும். உங்கள் வண்டியில் கீழ்ப்பாதி மேல் தட்டோடு ஒரே வார்ப்பாக இருந்தால் இரண்டாவது வகை மட்டுமே பொருந்தும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார் விட்டத்தைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பொதுவாக 22 மி.மீ., 25.4 மி.மீ., 28.6 மி.மீ. என்று மூன்று அளவுகள் உண்டு. கைப்பிடிப் பக்கம் 22 ஆக இருந்து நடுவில் மட்டும் 28.6 ஆகத் தடிக்கும் பார்களும் உண்டு, அதனால் வெர்னியர் அளவுகோலை நடுவில் கிளாம்புக்குப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். 28.6-க்குச் செய்த கட்டையில் 22 பாரைப் போட்டு, இடைவெளியில் தகட்டைச் சுற்றி இறுக்கும் வேலை உயிரோடு விளையாடுவது.

ஒரு ரைசருக்கு மேல் இன்னொரு ரைசர் அடுக்காதீர்கள். வாஷர்களை அடுக்கி உயர்த்தாதீர்கள். கட்டை உயர உயர, கையால் தள்ளும் விசை நெம்புகோல்போல அடியில் உள்ள போல்ட்டை இன்னும் பலமாக வளைக்கப் பார்க்கும். கிளாம்ப் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இது உடனே தெரியும்: ஹேண்டிலை முன்னும் பின்னும் அசைத்தால் பார் ரப்பரோடு சேர்ந்து நெளியும். அப்படி நெளிந்தால் முதலில் பழைய புஷ்ஷை மாற்றுங்கள்.

உயரமான பார் வாங்கினால் வேலை கூடுதல், ஆனால் உயரம், அகலம், பின்வளைவு மூன்றையும் ஒரே பொருளில் தேர்ந்தெடுக்கலாம். கிரிப்பைக் கழற்ற வேண்டும், கிரிப்புக்கு அடியில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கி வந்துவிடும். ஸ்விட்ச் டப்பாவின் உள்ளே ஒரு சின்ன ஆணி துருத்திக்கொண்டிருக்கும், அது பாரில் உள்ள துளையில் உட்கார்ந்துதான் டப்பா சுழலாமல் நிற்கிறது. புதுப் பாரில் அந்தத் துளை இருக்காது. லீவர்களின் இடத்தை முடிவு செய்த பிறகே துளையிட வேண்டும், இடம் தவறினால் இரண்டாவது துளை போட வேண்டி வரும், பார் பலவீனமாகும். பாரோடு வந்த குறிப்பில் துளையிடக் கூடாது என்று இருந்தால் அதை மீறாதீர்கள்.

கிளிப் ஆன் வகை, அதாவது இடது வலது கைப்பிடி தனித்தனியாக ஃபோர்க் குழாயையே கவ்விக்கொண்டிருக்கும் வண்டிகளில், மேலே தூக்கிக் கவ்வும் தனிக் கிளிப் ஆன்களைத்தான் வாங்க வேண்டும். இங்கே சிலர் ஃபோர்க் குழாயை மேல் தட்டுக்கு மேலே தள்ளி, நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் கைப்பிடியை ஏற்றி மாட்டுகிறார்கள். செய்யவே கூடாது. குழாயை மேலே தள்ளினால் வண்டியின் முன்பக்கம் கீழே இறங்குகிறது, ஃபோர்க்கின் சாய்வு குறைகிறது, வேகத்தில் வண்டி நிலைத்து ஓடும் தன்மையே மாறிவிடும்.

உயரத்தைத் தீர்மானிப்பது கேபிளும் ஹோஸும்

ஹேண்டில்பாரில் எத்தனை கயிறுகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள், பல வண்டிகளில் இரண்டு. க்ளட்ச் கேபிள். முன் பிரேக் ஹோஸ். இடது, வலது ஸ்விட்ச் ஒயர்கள். இவை எல்லாம் தொழிற்சாலை உயரத்துக்கு அளந்து வெட்டப்பட்டவை, கொஞ்சம் தளர்ச்சி மட்டும் விட்டிருப்பார்கள். 20, 30 மி.மீ. வரை பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தளர்ச்சி தாங்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இழுபட்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகக் காட்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டால் இன்ஜின் உறுமும். க்ளட்ச் கேபிள் இழுபட்டால் லீவரின் தளர்ச்சி காணாமல் போய், திரும்பும்போது க்ளட்ச் பாதி பிடித்த நிலையில் வழுக்கும். ஒயர் இழுபட்டால் உடனே தெரியாது, சில மாதம் கழித்து உள்ளே செம்புக் கம்பி அறுந்து, ஒரு வளைவில் ஹாரன் போகும், அல்லது இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சின் ஒயர் அறுந்து இன்ஜினே நின்றுவிடும். பிரேக் ஹோஸ் இழுபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தளர்ச்சியைக் கூட்ட முதலில் செய்ய வேண்டியது, கட்டுகளை அவிழ்ப்பது. ஒயர்களைக் கட்டியிருக்கும் ஜிப் டைகளை வெட்டுங்கள், ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்துங்கள், கேபிள் போகும் வளையத்திலிருந்து அதை எடுத்து இன்னும் குறுக்கு வழியில் விடமுடியுமா பாருங்கள். பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று செ.மீ. ஒயர் சுருண்டு கிடக்கும். வழியை மாற்றும்போது எதுவும் கூர்மையாக மடங்கக் கூடாது, டயரை உரசக் கூடாது, ஃபோர்க் அமுங்கும்போது நடுவில் சிக்கக் கூடாது. மடங்கிய ஆக்சிலரேட்டர் கேபிள் கையை விட்டாலும் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் எட்டவில்லை என்றால் நீளமான கேபிள் வாங்க வேண்டும். ஒரு யோசனை: ஒரே இன்ஜினை வைத்து ஒரு நிறுவனம் இரண்டு மூன்று மாடல் செய்திருக்கும், அதில் உயரமான ஹேண்டில் உள்ள மாடலின் கேபிள் உங்கள் வண்டிக்கும் பொருந்த வாய்ப்பு உண்டு. முனைகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். தேவைக்கு மேல் நீளமானதை வாங்கினால் அது தொங்கி எங்காவது மாட்டும்.

பிரேக் ஹோஸை மாற்றுவது தனி வேலை. உங்களுக்கு அதில் பழக்கம் இல்லை என்றால் தயவுசெய்து மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்கு நினைவூட்டல் மட்டும்: போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும், டப்பா மூடியில் எழுதியிருக்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், டாட் 4 என்று இருக்கும் இடத்தில் சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது, காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். பெயிண்டில் சிந்திய பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் பெயிண்டை அரித்துவிடும். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் காற்றெடுக்கத் தனிக் கருவி தேவைப்படும்.

வேலையைத் தொடங்கலாம்

வண்டி அசையாமல் நிற்க வேண்டும், சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. டேங்கின் மேல் தடிமனான துண்டை இரண்டாக மடித்துப் போடுங்கள், பார் கழன்றதும் அதன் மேல்தான் விழும். தேவையான கருவிகள் அதிகமில்லை: சரியான அளவு ஆலன் கீ அல்லது சாக்கெட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்), ஒரு பெயிண்ட் மார்க்கர், உங்கள் வண்டியின் மேனுவல். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் போனில் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கேபிள்கள் எந்த வளையத்துக்குள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று. பாரும் கிளாம்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், பழைய கோணத்துக்குத் திரும்ப அது வழிகாட்டும். பல பார்களில் ஒரு சின்னப் புள்ளிக்குறி ஏற்கெனவே இருக்கும்.

மேல் மூடியின் நான்கு போல்ட்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கடைசி இரண்டைக் கழற்றும்போது ஒரு கை பாரில் இருக்கட்டும். பாரைத் துண்டின் மேல் இறக்கும்போது பிரேக் ஆயில் டப்பா நிமிர்ந்தே இருக்க வேண்டும், கவிழ்ந்தால் காற்று உள்ளே போகும், பிறகு லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். பார் ஹோஸில் தொங்கவும் கூடாது.

இப்போது ரைசரை வையுங்கள். போல்ட்டை முதலில் கையால் முறுக்கி எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். அலுமினியத் துளையில் போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு மரை பிடித்தால் எனக்குத் திருப்தி, 8 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. மூன்று சுற்றில் நின்றுவிடுகிறது என்றால் அது குட்டை போல்ட். துளையின் அடியில் முட்டி நிற்கும் அளவுக்கு நீளமாகவும் இருக்கக் கூடாது, முட்டினால் டார்க் ரெஞ்ச் கிளிக் சொல்லிவிடும், ஆனால் கட்டை பிடித்திருக்காது. போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் காட்டும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். பளபளப்புக்காகச் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் தேடிப் போடுகிறவர்கள் உண்டு, இந்த இடத்துக்கு அது வேண்டாம். ரைசரோடு வந்த குறிப்பில் சொல்லியிருந்தால் கழற்றக்கூடிய வகை நீல நிற மரைப் பசை ஒரு துளி விடுங்கள்.

பாரை ஏற்றி, நடுவில் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து, மூடியை வையுங்கள். மூடியில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அது பெரும்பாலும் முன்னால் பார்க்க வேண்டும். அந்த வகை மூடியில் முன் போல்ட்களை முதலில் முழுசாக முறுக்கி, முன்பக்க இடைவெளியே இல்லாமல் மூடிய பிறகு பின் போல்ட்களை முறுக்குவார்கள், பின்னால் மட்டும் சின்ன இடைவெளி தெரியும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே இடைவெளி வர வேண்டும். மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள், ஊகிக்காதீர்கள். 8 மி.மீ. கிளாம்ப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டிக்கு எவ்வளவோ அதுதான் கணக்கு. கை பலத்தை நம்பி இன்னும் கால் சுற்று என்று முறுக்கினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும், பிறகு தட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இதை அவசரமாகச் செய்யாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்த நிலையில் ஹேண்டிலை மெதுவாக இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்புங்கள். இரண்டு பக்கமும் முட்டுக்கட்டையில் போய் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் ஹோஸோ கேபிளோ பிடித்து நிறுத்தக் கூடாது. லீவரோ ஸ்விட்ச் டப்பாவோ டேங்கையும் கண்ணாடியையும் தொடக் கூடாது, உங்கள் கட்டைவிரல் டேங்குக்கும் கிரிப்புக்கும் நடுவில் நசுங்கக் கூடாது. கடைசி நிலையில் ஹோஸை விரலால் அசைத்துப் பாருங்கள், விரலுக்கு லேசாக அசைந்து கொடுக்க வேண்டும், வீணைத் தந்திபோல விறைத்து நிற்கக் கூடாது.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் வைத்து, ஒருவர் பின்பக்கம் அமுக்க, முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பட்டும். ஃபோர்க் முழுசாக நீண்ட அந்த நிலையில்தான் பிரேக் ஹோஸுக்கு உண்மையான சோதனை. சக்கரம் தரையில் இருக்கும்போது தளர்ச்சியாகத் தெரியும் ஹோஸ், மேட்டில் ஏறி இறங்கி ஃபோர்க் நீளும்போது இழுபடும். அதே நிலையில் மறுபடி இரண்டு பக்கமும் திருப்புங்கள்.

அடுத்து, நான் விட்டுவிட்ட அந்தச் சோதனை. நியூட்ரலில் போட்டு, திறந்த வெளியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்புங்கள். சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு சின்ன ஏற்றம் கேட்டாலும் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும். க்ளட்ச் லீவரின் தளர்ச்சி நேராக இருக்கும்போதும் திருப்பிய நிலையிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், கில் ஸ்விட்ச் எல்லாவற்றையும் மூன்று நிலையிலும் அழுத்திப் பாருங்கள்.

கைப்பிடியின் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கும் சட்டங்கள் பல இடங்களில் உண்டு, மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய இடங்களும் உண்டு. நீங்கள் ஓட்டும் இடத்தில் என்ன விதி என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

காலியான இடத்தில் பத்து நிமிடம் போதும். நிதானமாக எட்டு போடுங்கள், இரண்டு மூன்று தடவை பலமாக பிரேக் பிடியுங்கள். கைப்பிடி இடம் மாறியதால் முதலில் வண்டியே வேறு மாதிரி தெரியும், அது சகஜம், ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும். லீவர் கோணத்தை இப்போது மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் உங்கள் முன்கை வரும் கோணமே மாறிவிட்டது. கண்ணாடிகளையும் திருப்பி வையுங்கள், முன்னால் பின்வண்டி தெரிந்த இடத்தில் இப்போது உங்கள் தோள் தெரியும்.

வலி போய்விட்டதா என்று முதல் நாளே முடிவு செய்யாதீர்கள். வழக்கமாக எத்தனை மணி நேரத்தில் கை மரக்குமோ அத்தனை நேரம் ஓட்டிப் பாருங்கள். தோள் சரியாகி இடுப்பு வலிக்க ஆரம்பித்தால் உயரம் கொஞ்சம் கூடிவிட்டது, அல்லது சீட்டைப் பார்க்க வேண்டும். இன்னும் எட்டமாகத் தோன்றினால் உயரத்தைத் தொடாமல் பாரை இரண்டு டிகிரி பின்னால் சுழற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப் வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள், அதன் பிறகு ஒவ்வொரு தடவை வண்டி கழுவும்போதும் அந்தக் கோட்டை ஒரு பார்வை பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது, அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.